கறுத்த மண்ணெல்லாம் கரிசல் ஆகுமா? மலைப் புல்வெளி மண் குறித்து ஓர் எளிய விளக்கம்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலேயே பிறந்து வளர்ந்த என் சித்தப்பா முதன்முறை மூணாற்றுக்கு அருகே மலைமேல் உள்ள எங்கள் வட்டவடைக்கு வந்தபோது, டாப் ஸ்டேஷனைத் தாண்டிய ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சாலையை அகலப்படுத்த வெட்டியிருந்த மேட்டின் விளிம்பில் புல்லும், அதன்கீழ் முழங்கால் உயரத்துக்குக் கரிய மண்ணும், அதற்கும் கீழே மஞ்சள் கலந்த செந்நிறக் களியும், அடியில் நகத்தால் சுரண்டினாலே உதிரும் நைந்த பாறையும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. மேலடுக்கில் ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தவர், "நம்ம கரிசல் மாதிரில்ல இருக்கு. இதுல எதப் போட்டாத்தான் விளையாது?" என்றார்.

அவர் மட்டும் அப்படிச் சொல்வதில்லை. மூணாறு, வட்டவடை, காந்தளூர்ப் பகுதிகளில் நிலம் பார்க்க வருகிறவர்களும், இங்கேயே பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற நாங்களும், இந்த மண்ணைப் பற்றி மூன்று செய்திகளைச் சோதித்துப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறோம்: கறுப்பாக இருப்பதால் சத்து மிகுந்தது, களி என்பதால் ஒட்டும் வெடிக்கும், பஞ்சைப் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடை முழுவதும் கொடுக்கும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அந்தக் கொஞ்சம்தான் குழப்பத்துக்கும் காரணமாகிறது. இந்த மண்ணைக் கறுப்பாக வைத்திருக்கும் அதே பிணைப்பே பயிருக்குச் சத்துக் கிடைக்காமலும் தடுக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே புரியும். அதற்குக் களியிலிருந்து தொடங்க வேண்டும்.

களி என்பது முதலில் ஓர் அளவு

பேச்சு வழக்கில் களிமண் என்றால் கையில் ஒட்டுவது, பானை வனைய உதவுவது, மழைக்காலத்தில் செருப்பைப் பிடித்து இழுப்பது. மண்ணியலில் அச்சொல் முதலில் துகளின் அளவையே குறிக்கிறது. 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை உள்ள துகள்கள் மணல், அதற்குக் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல், அதனினும் சிறியவை களி. மணல் கண்ணுக்குத் தெரியும். வண்டல் முகப்பவுடரைப் போல விரலில் வழுக்கும். களித்துகளோ கைலென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தனித்துத் தெரியாது. எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் களியாக இருந்தாலே போதும், மற்ற துகள்கள் பெரும்பான்மையாக இருந்தும் அந்த மண்ணின் நடத்தையைக் களியே தீர்மானிக்கும்.

களி எவ்வளவு இருக்கிறது என்று வயலிலேயே அறிய ஒரு பழைய வழி உண்டு. நனைத்துப் பிசைந்த மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அழுத்தி நாடாவைப் போல வெளியே தள்ள வேண்டும். நாடா 5 சென்டிமீட்டருக்கு மேல் ஒடியாமல் நீண்டால் களி மிகுதி என்றும், பாதி நீளத்திலேயே ஒடிந்தால் களி குறைவு என்றும் கொள்வார்கள். சித்தப்பா நின்ற அதே வெட்டுமேட்டில் இதைச் செய்து பார்த்தேன். கீழடுக்குச் செம்மண் விரல் நீளத்துக்கு ஒழுங்காக வந்தது. மேலடுக்குக் கரிய மண்ணோ இரண்டு சென்டிமீட்டர் வருவதற்குள் துண்டுதுண்டாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. கையை நம்பினால் மேல் மண்ணில் களியே இல்லை என்றுதான் முடிவு கட்டத் தோன்றும்.

இங்கே கை ஏமாறுவதற்குப் புட்டு மாவை நினைத்துக்கொண்டால் காரணம் விளங்கும். அரிசிமாவு எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும், நீர் தெளித்துப் பிசறியதும் மணிமணியாகத் திரண்டு, கையில் மணலைப் போல உதிர்கிறது. மாவின் நுண்மை அப்படியே இருக்க, சேர்ந்த விதம் மட்டும் மாறியிருக்கிறது. மலைப் புல்வெளியின் மேல் மண்ணிலும் களித்துகள்கள் தனித்தனியாகக் கிடப்பதில்லை. புல் வேர்களும் பூஞ்சை இழைகளும் மண்புழுவின் எச்சமும் சேர்ந்து அவற்றைச் சிறு மணிகளாக ஒட்டி வைத்திருக்கின்றன. இம்மணிகளுக்குத் திரட்டு என்று பெயர். ஆய்வகத்தில் வேதிப்பொருள் சேர்த்துத் திரட்டுகளைக் குலைத்த பிறகுதான் உள்ளே இருக்கும் களியின் உண்மையான அளவு வெளிப்படும்.

இதுவரை சொன்னதை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: களி என்பது மிகச் சிறிய துகள், அது ஒட்டுவதும் உதிர்வதும் துகள்கள் எப்படித் திரண்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

களியிலும் இனங்கள் உண்டு

அளவில் ஒன்றாக இருக்கும் களித்துகள்கள் அமைப்பில் வேறுபடுகின்றன. களிக் கனிமங்களில் பெரும்பாலானவை தகடுகள் அடுக்கிய கட்டுகளைப் போன்றவை. கரிசலில் மிகுந்திருக்கும் ஸ்மெக்டைட் என்ற இனத்தில் தகடுகளுக்கு இடையே பிடிப்புத் தளர்வாக இருப்பதால் நீர் உள்ளே நுழைந்து அடுக்கை விரிக்கிறது. காய்ந்தால் அடுக்கு மீண்டும் சுருங்குகிறது. சித்திரையில் கரிசல்காடு கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதும், முதல் மழையில் வெடிப்பு மூடிக்கொள்வதும் இதனால்தான். மலையில் மிகுந்திருக்கும் கயோலினைட் என்ற இனத்தில் தகடுகள் பசை தடவி ஒட்டிய தாள்களைப் போல இறுகியிருக்கின்றன. நீர் வெளிப்புறத்தை மட்டும் நனைத்துவிட்டு நின்றுவிடும்.

வேறுபாட்டை நிலக்கணக்கில் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடும். ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் தகடுகளையெல்லாம் பிரித்து விரித்தால் 600 முதல் 800 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும், அதாவது 15 முதல் 20 சென்ட். ஒரு கிராம் கயோலினைட்டை விரித்தால் 10 முதல் 20 சதுர மீட்டர், அரை சென்ட்டுக்கு மேல் தேறாது. ஊட்டச்சத்து ஒட்டிக்கொள்ளும் இடம் இந்தப் பரப்புதான் என்பதால், கரிசலின் களி பெரிய கிட்டங்கியாகவும் மலையின் களி சிறு பெட்டிக்கடையாகவும் இருக்கின்றன.

மலைக்கு ஏன் இந்தக் களி வாய்த்தது என்றால், மழையும் காலமும்தான் காரணம். ஆனைமுடியைச் சுற்றிய மேட்டுநிலங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. கிரானைட், நைஸ் போன்ற பாறைகளிலுள்ள சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் அந்த மழை கழுவிக் கீழே கொண்டுபோய்விட, கரையாத அலுமினியமும் இரும்பும் தங்கிவிடுகின்றன. கழுவப்படக் கழுவப்படக் கயோலினைட்டும், அதையும் கடந்தால் கிப்சைட் என்ற அலுமினியக் கனிமமும் மிஞ்சுகின்றன. வெட்டுமேட்டின் கீழடுக்கில் காணும் மஞ்சளும் சிவப்பும் இரும்பின் நிறங்கள். கழுவப்பட்ட மண் புளிப்பேறியிருக்கும். மண்ணின் புளிப்பை அளக்கும் அளவுகோல் பி.எச். எனப்படும், 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். கரிசல் பெரும்பாலும் 8-ஐ ஒட்டி இருக்க, இந்த மலை மண் 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் நிற்கிறது.

கறுப்பு எங்கிருந்து வருகிறது

கரிசலில் கரிமம், அதாவது செடி, வேர், உயிரினங்களின் உடலிலிருந்து மண்ணில் சேரும் கார்பன், பெரும்பாலும் 1 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. அதன் கறுப்பு, சிறிதளவு கரிமம் ஸ்மெக்டைட்டோடு நெருங்கிப் பிணைந்ததால் வந்தது. மலைப் புல்வெளியின் மேல் மண்ணிலோ பல இடங்களில் 5 சதவீதத்துக்கும் மேல் கரிமம் உண்டு. ஒரே நிறமாகத் தெரிந்தாலும் இரண்டும் வெவ்வேறு வழியில் வந்தவை.

இவ்வளவு கரிமம் சேர்வதற்கு முதற்காரணம் குளிர். இரவு அரைத்து வைத்த தோசை மாவு உடுமலைப்பேட்டையில் விடிவதற்குள் பொங்கி வழிந்துவிடும். வட்டவடைப் பக்கத்துக் கோவிலூரில் மார்கழியில் அதே மாவு மறுநாள் மதியம்வரை அசையாமல் கிடக்கும், அடுப்பங்கரையில் கதகதப்பான மூலை தேடி வைத்தால்தான் புளிக்கும். மாவைப் புளிக்க வைப்பதும் வேரை மட்க வைப்பதும் நுண்ணுயிரிகளே. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் அவற்றின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைகிறது. ஆக, உடுமலையிலிருந்து ஆனைமுடியை ஒட்டிய இரவிகுளம் மேட்டுக்கு ஏறும்போது மட்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் எனலாம்.

இரண்டாவது காரணம் புல். மரம் தன் சருகை நிலத்தின் மேல் உதிர்க்கிறது. மலைப் புல்லோ தன் உடலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை வேராக மண்ணுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்த மெல்லிய வேர்கள் இறந்து, அதே இடத்தில் புதியவை வர, செலவைவிட வரவு மிகுந்த சேமிப்புக் கணக்கைப் போல ஆண்டுதோறும் கரிமம் கூடுகிறது. பாதி மட்கியும் மேலும் மட்காமலும் தங்கிவிடும் இந்தக் கரும்பொருளை மட்கு என்கிறோம்.

ஆனால் குளிரும் வேரும் மட்டும் போதுமா என்றால் போதா. நீலகிரியின் உயர்மேட்டு மண்ணை ஆராய்ந்தவர்கள், எரிமலைச் சாம்பலிலிருந்து பிறந்த மண்ணுக்கே உரியவை என்று கருதப்பட்ட குணங்களை, அண்மையில் எரிமலையே இல்லாத அந்த மலையில் கண்டார்கள். மண் எடை குறைந்து பொலபொலப்பாக இருந்தது. மட்கு அலுமினியத்தோடு பின்னிப் பிணைந்திருந்தது. புளிப்பேறிய மண்ணில் விடுபட்டுத் திரியும் அலுமினியம் மட்கின் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொள்ள, நுண்ணுயிரிகளால் அதை எளிதில் தின்ன முடிவதில்லை. இந்த மூன்றாவது பூட்டுதான் இங்கே முதன்மையானது என்பது என் கருத்து. குளிர் தற்காலிகத் தடை, பிணைப்போ நீண்டகாலப் பாதுகாப்பு.

எவ்வளவு நீண்டகாலம் என்பதற்கும் மண்ணே சான்று தருகிறது. புல்வெளிப் புற்களில் ஒரு பெரும்பிரிவு, மரங்களைவிடச் சற்று அதிகமாகக் கனமான கார்பன் அணுக்களை உடலில் சேர்க்கிறது. நீலகிரிப் பள்ளங்களில் படிந்த கரிச்சேற்றில் அந்த விகிதத்தை அளந்தபோது, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்திலேயே அங்கே புற்கள் மேலோங்கியிருந்தது தெரியவந்தது. சோலையை வெட்டியதால் உண்டான மொட்டைதான் புல்மேடு என்ற பேச்சு, மண் எழுதி வைத்திருக்கும் இந்தக் கணக்குக்கு முன் நிற்காது.

சுருக்கமாக: வேர்கள் கொட்டிக் கொடுக்கின்றன, குளிர் மட்குவதைத் தாமதப்படுத்துகிறது, அலுமினியமும் களியும் மிஞ்சியதைப் பூட்டி வைக்கின்றன. நிறம் அதன் விளைவு.

கறுப்பு இருந்தும் ஏன் பசி

இனித்தான் சித்தப்பாவின் கேள்விக்கு விடை. எங்கள் பூண்டுப் பாத்தியில் முதல் இரண்டு ஆண்டுகள் மணிச்சத்து உரத்தைத் தாராளமாகப் போட்டோம். உரக்கடையில் சொன்ன அளவைவிடக் கூட்டியே போட்டும் செடி மெலிந்து, இலையின் அடிப்பக்கம் ஊதா படர்ந்து நின்றது. உரம் போலியோ என்றுகூடச் சந்தேகப்பட்டோம். உரத்தில் குறை இல்லை. அது போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

மணிச்சத்து என்பது பாஸ்பேட். நாயுருவிக் காட்டில் நடந்தால் விதை வேட்டியில் ஒட்டிக்கொண்டு எளிதில் விடாது. பாஸ்பேட்டும் அலுமினிய, இரும்புப் பரப்புகளைக் கண்டால் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. மண்ணில் அது இருக்கும், வேருக்குக் கிடைக்காது. மட்கைப் பூட்டி வைத்த அலுமினியம்தான் இதையும் பூட்டுகிறது. மட்குக்குள் இருக்கும் தழைச்சத்தும் ஏராளம், ஆனால் மட்கு சிதைந்தால்தான் அது வெளிவரும். குளிரில் சிதைவு மெதுவாக நடப்பதால் பயிர் கேட்கும் நேரத்தில் வந்து சேருவதில்லை. போதாக்குறைக்கு, பி.எச். 5.5-க்குக் கீழே போகும்போது கரைந்து வரும் அலுமினியம் பல பயிர்களின் வேர்நுனியைக் கருக்கிவிடுகிறது.

தேயிலை இதற்கு விதிவிலக்கு. அது புளித்த மண்ணையே விரும்பும், அலுமினியத்தை இலையில் சேர்த்துக்கொண்டும் செழிக்கும். மூணாறு மலைகளில் தேயிலை இவ்வளவு நன்றாக வருவதைக் காட்டி, மண் எல்லாவற்றுக்கும் உகந்தது என்று வாதிடுவது பிழையான வாதம். பூண்டுக்கும் முட்டைக்கோசுக்கும் பீன்ஸுக்கும் சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டுப் புளிப்பைத் தணித்தால் அலுமினியம் அடங்கும், மணிச்சத்தும் ஓரளவு விடுபடும். அளவை மண் பரிசோதனை அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மட்கு மிகுந்த மண் புளிப்பு மாறாமல் எதிர்த்து நிற்கும் தன்மையுடையது என்பதால், மணற்பாங்கான மண்ணுக்குப் போதுமான சுண்ணாம்பு இங்கே போதாது.

பஞ்சு என்ற உவமையின் எல்லை

மலைப் புல்வெளியைத் தண்ணீர்ப் பஞ்சு என்று சொல்லாத பேச்சாளர் இல்லை. அதைவிடத் துவைத்த கம்பளிப் போர்வை பொருத்தமான உவமை. கொடியில் போட்டதும் முதலில் தண்ணீர் கொட்டும், பிறகு சொட்டும், சிறிது நேரத்தில் சொட்டு நின்றுவிடும்; ஆனாலும் போர்வை ஈரமாகவே இருக்கும், மறுநாள் தொட்டாலும் சில்லென்றிருக்கும். மண்ணிலும் திரட்டுகளுக்கு இடையேயுள்ள பெரிய துளைகளிலிருந்து நீர் சில நாட்களில் வடிந்துவிடுகிறது. நடுத்தரத் துளைகளில் நிற்பதைப் புல்வேர் குடிக்கிறது. களித்துகள்களுக்கு இடையேயுள்ள நுண்துளைகளில் இருப்பதோ வேருக்கும் கிடைக்காது, ஓடைக்கும் வராது.

அப்படியானால் மாசி, பங்குனியில் பாம்பாற்றில் ஓடும் தண்ணீர், கீழே அமராவதி அணைக்குப் போய் உடுமலை வயல்களுக்குப் பாயும் தண்ணீர், எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி மேல் மண்ணுக்கும் கீழே, நைந்த பாறையின் இடுக்குகளில் தேங்கியிருந்து கசிகிறது. மேல் மண்ணின் பணி கதவைப் போன்றது. பொலபொலப்பாக இருக்கும் வரை ஆடி மழையை வழிந்தோட விடாமல் உள்ளே அனுப்புகிறது. புல் குறைவாகக் குடிப்பதும் கணக்கில் சேர வேண்டும்: நீலகிரியில் கிளென்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றையும் அதை ஒத்த, யூகலிப்டஸ் நட்ட இன்னொன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளந்தபோது, மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து, நட்டு வெட்டும் வரையான முதல் சுற்றிலேயே 16 சதவீதம் குறைந்தது. வட்டவடையில் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரங்களை வெட்ட வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் ஊற்று வற்றிய கதைகளோடு இந்த எண்ணையும் சேர்த்துச் சொன்னால் வாதம் வலுக்கும்.

பனிமலைகளில் நிலைமை வேறு

'குளிர்மலை' என்றதும் உலகத்துப் புல்மலைகளையெல்லாம் ஒரே கூடையில் போடுவதும் தவறு. பாறை களியாக மாறுவது வேதிவினை. குளிரில் அதுவும் மெதுவாகவே நடக்கும். ஆகவே உத்தராகண்டின் புக்யால் போன்ற இமயப் புல்வெளிகளில் மண் மெலிந்து, கற்கள் நிறைந்து, களி குறைந்திருப்பது இயல்பு. ஆல்ப்ஸ் மலையில் களி மிகுந்த புல்வெளிகள் இருப்பது, அங்குள்ள களிப்பாறையும் சுண்ணாம்புப் பாறையும் சிதைந்து களியை மிச்சம் வைப்பதால். திபெத் மேட்டில் கோரையினப் புல்லின் வேர்கள் கம்பளம் போல நெய்துகொண்ட பாய்மண் உண்டு. அதன் அடியில் பல இடங்களில் ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம் இருக்கிறது. ஆண்டிஸ் மலையின் பாராமோ மண் நம் மண்ணைப் போலவே கறுத்துப் புளித்திருக்கும், கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவுக்குப் பெருமளவு குடிநீர் தருவதும் அந்தப் புல்மேடுகளே. ஆனால் அங்கே எரிமலைச் சாம்பலின் பங்கு பெரிது. நம் மலையில் களி மிகுந்ததற்கு, உறையாத மண்ணில் நெடுங்காலம் பெய்த மழையே காரணம்.

நமக்கும் உறைபனி உண்டு, ஆனால் அது மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. தை மாதம் விடியற்காலையில், கொத்திப் போட்ட வெறும் மண்ணைக் குனிந்து பார்த்தால், தீக்குச்சியின் பாதி உயரத்தில் பனி ஊசிகள் சீப்புப் பற்களைப் போல நின்று, தலையில் மண்துணுக்குகளைத் தூக்கிப் பிடித்திருக்கும். மிதித்தால் நறநறவென்று ஒடியும். ஈரக் களிமண்ணின் நுண்துளைகள் கீழிருந்து நீரை இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் ஊசி வளர்கிறது. வெயில் ஏறியதும் ஊசி சரிய, தூக்கிய மண் ஏறிய இடத்தில் இறங்காமல் ஒரு விரற்கடை சரிவில் கீழே விழுகிறது. பக்கத்திலேயே புல் மூடிய இடத்தில் இலைமேல் வெண்பனி படிந்திருக்குமே தவிர, மண்ணில் ஊசியைக் காண்பது அரிது.

கிளறினால் என்ன ஆகிறது

புல்லை நீக்கிக் கொத்தியதும் திரட்டுகள் உடைகின்றன. உள்ளே ஒளிந்திருந்த மட்கைக் காற்றும் நுண்ணுயிரிகளும் எட்டுகின்றன. நிழல் போனதால் மண்ணும் சூடாகிறது. முதல் சில போகங்கள் நன்றாக விளைவதற்குக் காரணம் இந்தச் சேமிப்பு திடீரென்று செலவாவதுதான். புதுநிலத்தில் விளைந்ததை வைத்து மண்ணின் வளத்தை மதிப்பிடுகிறவர்கள், வட்டியையும் முதலையும் ஒன்றாக எண்ணுகிறார்கள்.

இன்னொரு மாற்றத்தை வீட்டிலேயே பார்க்கலாம். புல்லுக்கு அடியிலிருந்து எடுத்த கரிய மண்கட்டி ஒன்றையும், இரண்டு கோடைகள் வெறுமனே காய்ந்து கிடந்த பாத்தியின் கட்டி ஒன்றையும் தட்டில் வைத்து ஒவ்வொரு சொட்டு நீர் விட வேண்டும். முதற்கட்டி சொட்டை உடனே உறிஞ்சிவிடும். இரண்டாவதன்மேல் சொட்டு, சேம்பிலையில் நிற்பதைப் போல உருண்டு நின்றுகொண்டிருக்கும். மட்கு முற்றிலும் காய்ந்தால் நீரை ஏற்கும் தன்மையை இழக்கிறது, மீண்டும் நனைத்தாலும் அது எளிதில் பழையபடி முழுமையாகத் திரும்புவதில்லை. எங்கள் பாத்திகளுக்கு இடையே புல்வரப்பை வெட்டாமல் விட்டு, அறுவடை முடிந்ததும் பூண்டுத் தாளைப் பரப்பி மண்ணை மூடத் தொடங்கியது இந்தச் சொட்டைப் பார்த்த பிறகுதான். சித்தப்பா அடுத்த முறை வந்தபோது அந்தக் கட்டியைத் தட்டோடு அவரிடம் நீட்டினேன். சொட்டு உருண்டு தரையில் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கரிசலில் இப்படி நிற்காதே என்று மட்டும் சொன்னார்.